பாலு அண்ணா வைத்த நாலு விளக்கு

கோவிலம்பாக்கம் ஆட்டோ ஸ்டாண்டில் பாலு அண்ணா அளவுக்குப் பிடிவாதக்காரர் கிடையாது. அவர் மகள் தேவதர்ஷினிக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை. அம்மாவுக்கு இரண்டாவது ஷிப்டு என்பதால், சாயங்காலம் ஆட்டோவின் பின்சீட்டில்தான் படிப்பாள்.

அவளுக்காக நாலு எல்இடியை வரிசையாகக் கோத்து, நேரே பேட்டரியில் கொடுத்திருந்தார். ஒன்றுக்கு மூன்று வோல்ட், நாலுக்குப் பன்னிரண்டு, பேட்டரியும் பன்னிரண்டு. ஆனால் ஸ்டாண்டு வரிசையில் முன்வண்டி சவாரிக்குப் போனதும், இவர் ஸ்டார்ட் செய்து அந்த இடத்துக்கு நகர்த்துவார். விளக்கு பளீரென்று எரிந்து செத்துவிடும்.

"கடைக்காரன் டூப்ளிகேட் குட்து ஏமாத்திகினு கீறான்" என்று பல்லைக் கடித்தார்.

"இன்ஜின் ஓடுனா பதினாலு வோல்ட்டு வருதுண்ணா. கரண்ட்டை அடக்க நடுவுல ஒரு ரெசிஸ்டர் போடு" என்றேன், அவருக்குப் பின்னால் வண்டி போட்டிருந்த நான்.

"நீ பேசாத. பிரேக்க மிதிச்சா ஹாரன் அடிக்கிற மாதிரி ஒயர மாத்தி வுட்டவன்தான நீ?"



மிச்சமிருந்த கடைசி நாலையும் மாட்டினார். மகள் எழுத ஆரம்பித்தாள். முன்வண்டி கிளம்பியது. ஸ்டார்ட்டர் வரை போன அவர் கை நின்றது. பிறகு கீழே இறங்கி, வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்.

அரிசியளவு ரெசிஸ்டரைப் போட மாட்டாராம், முழு ஆட்டோவைத் தள்ளுவாராம். எனக்கு ஒரே கடுப்பு. பின்னால் போய் நானும் கை வைத்தேன்.

"மெதுவாண்ணா. அவ எழுதிகினு கீறா."