தணிகாசலமும் வியாழனுக்குப் போகிற டின்னும்

அன்று காலை சாலவாக்கம் பஸ் வந்து நின்றது. தணிகாசலம் இறங்கவில்லை. கண்டக்டர்தான் இறங்கிவந்து, "உன் கூட்டாளி போய்ட்டான்பா. மஞ்சக் காமாலை" என்றார். வகுப்புக்கு வந்து அதை அப்படியே உங்களிடம் சொன்னேன். நம் பிளஸ் ஒன் வகுப்பில் நான் கேலி கலக்காமல் பேசியது அதுதான் முதல் தடவை என்று உங்களுக்கே தெரியும்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக நாங்கள் இருவரும் வியாழன் கிரகத்தின் காற்றை ஆராய ஒரு கலம் வடிவமைத்துக்கொண்டிருந்தோம். "வியாழனுக்கு என்னிக்குடா கெளம்பறது? புதன்கிழமை கெளம்பினா கரெக்டா இருக்குமா?" என்றேன். அவன் சிரிக்காமல், "போய்ச் சேர வருசக்கணக்குல ஆவும். அதுக்குள்ளயாவது நீ பாஸாயிடு" என்றான்.

கலத்துக்கு நான் மூன்று கால் வரைந்திருந்தேன். ரப்பரால் அழித்தான். "அங்க நிக்கத் தரையே இல்லடா. காத்துதான். எறங்க எறங்க அழுத்தம் ஏறிக்கினே இருக்கும். கடைசில நசுங்கிடும்."

"நசுங்கறதுக்கா இவ்ளோ பேஜாரு?"

"நசுங்கறது தப்பில்ல. அதுவரைக்கும் பாத்தத மேல போற தாய்க்கலத்துக்குச் சொல்லிடணும். எந்த ஆழத்துல நசுங்குச்சின்னு தெரியாம போனாதான் தப்பு."

அதை விளக்க அவன் கண்டுபிடித்த இடம், அவர்கள் வயல் கிணறு. காற்றுக்குப் பதில் தண்ணீர். தகர டின்னில் கல் போட்டு, வாயை ஈயம் வைத்து அடைத்து, அடிக்கொரு முடிச்சுப் போட்ட கயிற்றில் இறக்கினோம். ஒவ்வொரு முடிச்சுக்கும் மேலே இழுத்துப் பார்த்தான். பதின்மூன்றாவதில் டின்னின் வயிறு ஒட்டிப்போயிருந்தது. கண்காட்சிக்கு வைக்கும் சார்ட்டில் 'பதின்மூன்று அடி' என்று எழுதினான்.

முந்தின நாளே அந்தக் கயிற்றில் நான் மூன்று முடிச்சுகளைக் கூடுதலாகப் போட்டிருந்தேன். சும்மா, விளையாட்டுக்கு. நடுவில் அவன் நிறுத்தி, "இன்னாடா, முடிச்சு கிட்டக் கிட்டக் கீது?" என்றான். "தண்ணில ஊறி சுருங்கிக்கீது" என்றேன். நம்பிவிட்டான். மறுநாள் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தேன். மறுநாள் அவனுக்குக் காய்ச்சல்.

சார்ட்டில் அவன் கையெழுத்தை யாரும் தொட வேண்டாம், அப்படியே கண்காட்சிக்குப் போகட்டும் என்று நீங்கள் எல்லாரும் சொன்னீர்கள். ஒரு பொய் எண்ணுக்குக் கீழே அவன் பெயர். என்னால் பெஞ்சில் உட்கார முடியவில்லை. அவன் காரியம் முடிந்த மறுநாள் பஸ் ஏறிப் போய், வயலில் இருந்த அவன் அப்பாவிடம் முடிச்சு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"போய் டின் வாங்கிக்கினு வா. நான் கயித்தப் புடிக்கிறேன். நீ எண்ணு."

புதுக் கயிறு, ஸ்கேல் வைத்துப் போட்ட முடிச்சுகள். பத்தாவதில் நசுங்கியது. நான் பேனாவை எடுத்தேன். "இரு. இன்னொரு டின்னும் எறக்கு. உன்ன நம்ப முடியாது" என்றார். அதுவும் பத்து.

பதின்மூன்றை அடித்துப் பத்து என்று எழுதியிருக்கிறேன். அவன் பெயர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தவறு யாருடையது என்று பக்கத்தில் என் பெயர். கண்காட்சியில் கேட்பவர்களுக்கு நானே நின்று பதில் சொல்வேன். தணிகாசலம் எனக்கு விட்டுப்போனது ஒரு நமைச்சல். எதை எழுதி முடித்தாலும் கை சும்மா இருப்பதில்லை. இன்னொரு முறை அளந்து பார் என்கிறது.