காவி என்றால் நோயாளி இல்லை

சுவிசின் ஆரா நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில் என் பெரியம்மா ஜெயமலர் வேலை செய்கிறார். ஈரத் துணி நிறைந்த பைகளை அவரும் கஜலக்சுமி அன்ரியும் ஆளுக்கொரு பிடியாகப் பிடித்துத் தூக்குவார்கள். சுவிசுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவர்கள்.

அங்கே அவர்களோடு வேலை செய்யும் நஸ்ரின் வங்காளதேசத்துப் பெண், கர்ப்பிணி. போன மாசியில் அவர் திடீரென்று தன் கோப்பையைத் தனியே வைக்கத் தொடங்கினார். பெரியம்மா காரணம் கேட்டதும் அழுதுவிட்டார். இரத்தப் பரிசோதனையில் அவர் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் 'ட்ரேகரின்' என்று ஜெர்மனில் வந்திருந்தது. கைபேசி அதை வங்காளத்தில் 'பாஹொக்' என்று காட்டியது. சுமப்பவர் என்ற பொருளில் நாங்கள் காவி என்று சொல்வது அதைத்தான். கொரோனாவைக் காவியவர்கள் போலத் தானும் எல்லோருக்கும் நோயைத் தொற்றவைத்துவிடுவேன் என்று நஸ்ரின் பயந்திருந்தார்.

பெரியம்மா ஒரு பிடி அறுந்த பையை எடுத்துவந்து, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார்:

"ஆளுக்கு ரெண்டு பிடி. ஒண்டு அம்மா தந்தது, ஒண்டு அப்பா தந்தது. ஒண்டு அறுந்தாலும் பையைத் தூக்கலாம். அதுதான் காவி. நீ நோயாளி இல்லை, ஒருத்தருக்கும் தொத்தாது. உன்ர மனுசனுக்கும் ஒண்டு அறுந்திருந்தால்தான் பயம். பிள்ளைக்கு அறுந்த ரெண்டும் போய்ச் சேரலாம். அவரையும் சோதிக்கச் சொல்லு."

நஸ்ரின் நம்பவில்லை. "என்னைப் பார், நானும் காவிதான். எவ்வளவு பை தூக்கிறன்!" என்றார் பெரியம்மா. நஸ்ரின் அப்போதுதான் மூக்கைத் துடைத்தார்.

கஜலக்சுமி அன்ரி பக்கத்தில் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். "கஜா, இது உன்னோட இருக்கட்டும்," என்று பெரியம்மா தமிழில் சொன்னார். பெரியம்மாவின் மகள் பிரபாலினிக்குப் பக்கத்துப் பாடன் நகரில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பிரபாலினி அக்காவைச் சோதித்துப் பார்த்தாயிற்று, அவர் காவிகூட இல்லை. ஆனால் எங்கள் ஆட்கள் விளக்கம் முடியும்வரை கேட்கமாட்டார்கள் என்று பெரியம்மாவுக்குத் தெரியும்.

இரண்டு கிழமையில் மாப்பிள்ளையின் தாய் தொலைபேசி எடுத்தார். "உங்கட குடும்பத்தில இரத்த வருத்தமாமே, பரம்பரை நோயாமே?" பெரியம்மா பிடிக் கதையை முதலிலிருந்து சொன்னார். பிறகு, "குறை நினையாதேங்கோ, இப்போதைக்கு விடுவம்." சாதகம் நல்ல பொருத்தம் என்று சொன்னதும் அதே வாய்தான்.

மறுநாள் பெரியம்மா சலவை அறையில் கேட்டார்.

"கஜா, பாடனுக்கு நீ கதைச்சனியோ?"

"அவை விசாரிச்சவை. என்னைப் பொய் சொல்லச் சொல்லுறியோ?"

"காவி எண்டு சொன்னனியோ, வருத்தம் எண்டு சொன்னனியோ?"

அன்ரி தலையணை உறையை மடித்தபடியே இருந்தார். "அதையெல்லாம் ஆர் விளங்கப்படுத்திறது மலர்? சுருக்கமாச் சொன்னனான்."

ஒரு அந்நியப் பெண்ணுக்கு அரை ஜெர்மனில் புரிந்த விஷயம் அது. அதைத் தமிழில் சொல்ல அன்ரிக்கு நேரம் இருக்கவில்லை.

அந்தக் கிழமையே நஸ்ரினின் கணவருக்கு முடிவு வந்தது. அவர் காவி இல்லை. நஸ்ரின் பால் இனிப்பு கொண்டுவந்து, எல்லோரோடும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார். அன்ரியும் ஒன்று எடுத்தார். பிறகு எழுந்து, வழக்கம்போல ஈரப் பையின் மற்றப் பிடியைப் பிடித்தார்.

"விடு," என்றார் பெரியம்மா. "ஒரு பிடியால நான் தூக்குவன்."

பை கனம். இயந்திரம் வரைக்கும் நிலத்தில் உரசிக்கொண்டே போனது.