தாயம்மா பார்த்த படம்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய ஊரிகம் லைன் வீடுகளில் தாயம்மாவின் வாய்க்குப் பயப்படாத ஆளே கிடையாது. தண்ணீர் லாரி ஒரு நாள் பிந்தி வந்தால் டிரைவரைக் கீழே இறக்கி நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள். பெங்களூரு ரயிலில் இருபது வருடம் போய் வந்து, ஒரு கம்பெனியில் கூட்டித் துடைத்த உடம்பு அது. ரயிலில் சீட்டுக்குச் சண்டை போட்டே தொண்டை இப்படி ஆகிவிட்டது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். இப்போது அறுபது வயது. அந்த வாய் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் திறக்காது. புருஷன் சௌந்தரராஜன் செத்த நாளைப் பற்றி யார் கேட்டாலும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

செத்தது சுரங்கத்தில்தான். மூடுவதற்கு இரண்டு வருடம் முன்னால், கீழே பாறை வெடித்து. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை, ஊருக்கே தெரியும். ஆனால் அன்று அவருக்கு லீவு. காலையிலேயே சண்டை. கூரைத் தகட்டை மாற்று மாற்று என்று ஒரு மாதமாகச் சொல்லியும் மனுஷன் அசையவில்லை. மழை இறங்கி அரிசி மூட்டை நனைந்துவிட்டது. தாயம்மா ஆடித் தீர்த்தாள். கடைசியில், "வீட்ல குந்திக்கினு என் உசுர வாங்காத. எங்கனா போய்த் தொலை" என்றாள். அவர் வெளியே போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே வந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போனார். மத்தியானம் சுரங்கத்தில் விபத்துச் சங்கு ஊதியது.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுத் தம்மபாலன் வந்து வாசலில் நின்று அழுதார். சௌந்தரராஜனோடு சுரங்கத்தில் ஒரே கேங்கில் வேலை செய்தவர். "அது என் ஷிஃப்ட்டும்மா. அவராத்தான் மாத்திக்கலாமான்னு கேட்டு அனுப்பிச்சாரு" என்றார். பின்னால் அவருடைய மகன் கௌதமன், பதினாறு வயசுப் பையன், தலையை ஆட்டினான்.

தாயம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்! நான் தொலை என்றேன், தொலைந்துவிட்டார். வேறென்ன அர்த்தம்? பக்கத்தில் நின்ற பன்னிரண்டு வயசு மகள் நளினிக்கும் அதே அர்த்தம்தான் பட்டது. சண்டையை முழுசாகக் கேட்டவள் அவள். "நீதாம்மா அப்பாவ தொரத்துன" என்று அன்று சொன்னாள். அதன்பிறகு அம்மாவோடு அவள் பேச்சு வரவர சுருங்கிப்போயிற்று. பங்காருபேட்டையில் கட்டிக்கொடுத்த பிறகு வருஷத்துக்கு ஒரு தரம், அப்பாவின் திவசத்துக்கு வருவாள். படையல் போட்டதும் கும்பிட்டுவிட்டு, ஒரு வாய் சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவாள். தாயம்மாவும் தடுத்ததில்லை. எந்த முகத்தோடு தடுப்பது?

இப்படி இருபத்தாறு வருஷம் போனது. போன வருஷம் பெங்களூரிலிருந்து நிவேதா என்று ஒரு பெண் காமிராவோடு வந்து லைனில் படமெடுத்தாள். கூடவே நின்று எல்லாம் செய்துகொடுத்தவன் கௌதமன். அவனுக்கும் நாற்பத்திரண்டு ஆகிவிட்டது, அப்பா தம்மபாலனும் போய்ச் சேர்ந்துவிட்டார். தாயம்மா அந்தக் கூட்டத்துக்கு டீ போட்டுக் கொடுத்தாள். தன்னுடைய பக்கெட்டைக்கூட ஷூட்டிங்குக்குக் கொடுத்தாள். இன்ன கதை என்று ஒருத்தரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் பழைய கிளப் ஹாலில் அந்தப் படத்தைப் போட்டார்கள். முதல் அரை மணி நேரம் தாயம்மா தன் பக்கெட்டைத்தான் தேடினாள். அதற்குப் பிறகு தேடவில்லை.

படத்தில் ஒரு பையன் வருகிறான். சாயங்காலம் அவனுக்கு ஃபுட்பால் ஃபைனல். அப்பா வந்து பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை, அப்பாவுக்கோ ஷிஃப்ட். லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் மாற்றிக்கொள்ள வேண்டுமானால் வீட்டுப் பிள்ளையை அடுத்த கதவுக்கு அனுப்பிச் சொல்வார்கள். அடுத்த வீட்டுக்காரன் சரி என்பான், எதற்கு என்று விசாரிக்க மாட்டான், விசாரித்தால் மரியாதை இல்லை. பையன் அந்த மரியாதையைப் பிடித்துக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், "அப்பாக்கு ஜுரம், ஷிஃப்ட் மாத்திக்கிறீங்களான்னு கேட்டாரு" என்றான். வீட்டுக்கு வந்து, "அவரே மாத்திக் கேக்கறாருப்பா" என்றான். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜில் இறங்கினார், திரும்பி ஏறவில்லை. மிச்சப் படம் முழுக்கப் பையன் சுவரைப் பார்க்கிறான், தண்ணீரைப் பார்க்கிறான், சுரங்கக் கழிவைக் கொட்டிய சாம்பல் மேட்டில் தனியாக நடக்கிறான். செத்தவரின் பெண்டாட்டி இரண்டு நிமிஷம் முதுகைக் காட்டி அழுகிறாள். அவளுக்கு ஒரு பெயர்கூட இல்லை. கடைசியில் பையன் அவள் வீட்டுக் கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறான். படம் முடிந்துவிட்டது.

விளக்கைப் போட்டதும் நிவேதா மைக்கைப் பிடித்தாள். "பேரெல்லாம் மாத்தியிருக்கோம், ஆனா உண்மையா நடந்தது. சொன்னவர் இங்கதான் உக்காந்திருக்காரு" என்றாள். தாயம்மா திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது வரிசையில் கௌதமன் தலையைக் குனிந்துகொண்டான்.

உடனே ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள், ஐயோ!

"இன்னா படம்மா இது? பக்கெட் நெறையறத நாலு நிமிஷம் காட்டறீங்க. எங்க ஊட்ல தெனம் பாக்கறோம்" என்றார் ரிட்டயர்டு ஃபோர்மேன் எட்மண்ட். "அப்பறம் அந்தப் பையன் பண்ணது கொலைதான். பொய் சொல்லி ஒரு ஆள கீழ அனுப்பிச்சான்ல?"

"கொலைன்னு எப்படிச் சொல்வீங்க?" என்று பாய்ந்தார் ஸ்கூல் டீச்சர் ஐடா. "சின்னப் பிள்ளை. அப்பா மேட்ச் பாக்கணும்னு ஆசப்பட்டான். அந்தக் கில்ட்ட எத்தன வருஷம் தனியா சொமந்திருக்கான்! எனக்கு நெஞ்சே வெடிச்சிருச்சு."

எட்மண்ட் விடவில்லை. "கடசியில தட்டுனானா இல்லியா? அதக்கூட சொல்லல."

"தட்டியிருப்பான் சார். அந்த மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. கண்டிப்பா தட்டியிருப்பான்."

நிவேதா புன்னகைத்தாள். "அது ஆடியன்ஸோட முடிவு. அவங்கவங்க மனசுக்கு எப்படித் தோணுதோ அப்படி."

"தட்டல!"

ஹால் மொத்தமும் திரும்பியது. தாயம்மா எழுந்து நின்றிருந்தாள். குரல் நடுங்கவில்லை.

"இதுல முடிவு பண்றதுக்கு இன்னா கீது? அந்தக் கதவு என் ஊட்டுக் கதவு. உள்ள நான்தான் இருந்தேன். இருவத்தாறு வருஷமா எவனும் தட்டல."

நிவேதாவின் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா... உங்களுக்குத் தெரியும்னுதான்... கௌதமன் சொல்லிட்டேன்னாரு..."

"சொல்லிட்டானா?" தாயம்மா நாற்காலிகளை விலக்கிக்கொண்டு மூன்றாவது வரிசைக்குப் போனாள். "எங்கிட்ட சொன்னியாடா?"

கௌதமன் எழுந்தான். "இல்ல சித்தி. பயமா இருந்துச்சு."

"பதினாறு வயசுல பயம், சரி. பாறை வெடிச்சதுக்கு நீ இன்னா பண்ணுவ? அதுக்கு உன்ன நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன், இந்தக் கூட்டம் கேட்டாலும் விடமாட்டேன். ஆனா முப்பது வயசுல உனுக்கு இன்னா பயம்? நாப்பதுல? பொழுது விடிஞ்சா ஒரே ரயில்ல ஏறுனோமேடா! எனுக்கு எடம் புடிச்சி வெச்சியே, சித்தி சித்தின்னு டீ வாங்கிக் குடுத்தியே! அப்பல்லாம் வராத வாய், இந்தப் பொண்ணு காமிராவ எடுத்துக்கினு வந்ததும் வந்திடுச்சா?"

"விடுங்கம்மா, அவரும் எவ்ளோ வேதனப்பட்டிருப்பாரு..." என்று ஐடா டீச்சர் இழுத்தார்.

"அவன் வேதனைக்குத்தான் ரெண்டு மணி நேரம் படம் காட்டிட்டீங்களே டீச்சர்! எனுக்கு முதுகுதானே காட்டுனீங்க?" தாயம்மாவுக்கு மூச்சு வாங்கியது. இத்தனை வருஷம் திறக்காத வாய் அங்கே, அத்தனை பேர் நடுவில் திறந்தது. "அன்னிக்குக் காலையில அவர நான் போய்த் தொலைன்னேன். அந்தக் கோவத்துலதான் லீவு நாள்ல ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கினு போனாருன்னு நெனச்சிக்கினு கீறேன். இவங்கப்பன் வந்து அவராத்தான் கேட்டாருன்னு சொல்றாரு. இவன் பின்னால நின்னு தலைய ஆட்டறான். என் பொண்ணு அத நம்புனா. நான் பெத்தவ, என் ஊட்ல பச்சத்தண்ணி குடிக்க மாட்டா. டேய், ஒரு வார்த்த! ஜுரம்னு நான்தான் பொய் சொன்னேன், அதுக்குத்தான் சித்தப்பா போனாருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனுக்கு என் பொண்ணு இருந்திருப்பாளேடா!"

எட்மண்ட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கௌதமன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "அது எனக்குத் தெரியாது சித்தி. சத்தியமா தெரியாது. உங்களுக்குப் பொண்ணோட ஏதோ மனஸ்தாபம்னுதான்..."

"அழுவாத. அழுதா எனுக்கு இன்னா வரப்போவுது?" புடவை மடிப்பிலிருந்து போனை எடுத்தாள். நளினியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு அவன் கையில் திணித்தாள். "அவகிட்ட சொல்லு. படத்துல காட்டுன மாதிரி செவுத்தப் பாத்துக்கினு நிக்காம வாயத் தொறந்து சொல்லு."

நாலைந்து தரம் மணி அடித்தது. "என்னம்மா?" என்றது நளினியின் குரல், வேலை நடுவில் கூப்பிட்ட எரிச்சலோடு.

"நளினி, நான் கௌதம்."

"சொல்லுண்ணா. அம்மாக்கு ஏதாவது...?"

"அம்மா நல்லாத்தான் கீறாங்க. உங்கப்பா... உங்கப்பா சண்ட போட்டுக்கினு ஷிஃப்டுக்குப் போவல நளினி. அவரு கேக்கவே இல்ல. எங்கப்பாக்கு ஜுரம்னு நான்தான் பொய் சொல்லி அனுப்பிச்சேன். ஒதவிக்குத்தான் போனாரு. அம்மா தொரத்தல." அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா பக்கத்துலயா கீது?" நளினியின் குரல் உடைந்திருந்தது. "போன அம்மாகிட்ட குடுண்ணா."

கௌதமன் போனை நீட்டினான். தாயம்மா வாங்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது, ஆனால் கோபம் ஒரு துளி இறங்கவில்லை.

"போன்ல பேசறதுக்கு ஒண்ணுமில்ல" என்றாள், மகளுக்கும் கேட்கிற மாதிரி. "நேர்ல வரச் சொல்லு. வந்து என் ஊட்ல உக்காந்து சோறு துன்னச் சொல்லு."