மார்க்குஸ் கேட்ட மூன்று ஏன்

பிரேமன் நகரத்துக்கு வந்த புதிதில் ஒரு நாள், கீழ்வீட்டு அம்மாள் என்னைப் படியில் நிறுத்தி, "சைக்கிளை ஏன் அந்த மரத்தடியில் வைக்கிறீர்கள்?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கையிலிருந்த மரக்கறிப் பையைக்கூட உள்ளே வைக்காமல் ஓடிப்போய்ச் சைக்கிளை எடுத்து மதிலோரம் சாத்தினேன். மறுநாள் மறுபடியும் பிடித்துக்கொண்டார். "ஏன் எடுத்துவிட்டீர்கள்?" எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. வைத்தாலும் குற்றம், எடுத்தாலும் குற்றமா? அவருக்கோ ஒரு கோபமும் இல்லை. அந்த மரத்தடியில் மழை படாதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாராம். தன் சைக்கிளையும் அங்கே வைக்க யோசித்திருக்கிறார். இந்த நாட்டில் சும்மா தெரிந்துகொள்வதற்காகவும் ஏன் என்று கேட்பார்கள் என்பது என் மண்டையில் ஏற ஆறேழு வருடம் பிடித்தது. ஏற்றிவைத்தவர் மார்க்குஸ் என்ற மனிதர். அவரை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

என் தங்கை புனிதா இலங்கை மலைநாட்டில், கொட்டகலையில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். ஒரு நாள் தொலைபேசியில் அழாத குறை. "அண்ணே, எல்லாம் போச்சுண்ணே! எட்டு வருசமா டைப் பண்ணி வச்ச கேள்வித்தாளு பூராவும் கோழி கிளறுன மாதிரி வருது." பழைய கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருக்கிறாள். இப்போது யாரோ புண்ணியவான்கள் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்ட புதுக் கம்ப்யூட்டர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அவற்றுக்கு அந்த எழுத்து புரியவில்லை. "அடுத்த வருசம் ஓ.எல். பரீட்சை எடுக்கிற பிள்ளைங்களுக்கு நான் எதைக் குடுக்கிறது? திரும்ப அடிக்க எனக்கு இன்னொரு எட்டு வருசம் வேணும்ண்ணே."

வயிற்றுப்பாட்டுக்கு நான் இங்கே ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதுகிறவன். பழைய எழுத்தைப் புதிய யூனிகோட் எழுத்தாக மாற்றும் மொடியூல் என்ற சின்னப் புரோகிராம் துண்டு ஒன்றைப் பைதன் மொழியில் இரண்டு சனி ஞாயிறுகளில் எழுதி முடித்தேன். அனுப்பலாமென்றால் அங்கே ஒரு சட்டம்: அந்த இயங்குதளத்தின் சீடியில் வருவதைத் தவிர வேறு எதையும் கம்ப்யூட்டர்களில் ஏற்றக்கூடாது. வைரஸ் பயம். ஆக, என் மொடியூல் அந்தச் சீடிக்குள் போயாக வேண்டும். அதற்கு அதைப் பொதியாகக் கட்ட வேண்டும். எந்தக் கோப்பு எங்கே உட்கார வேண்டும், இது வேலை செய்ய வேறு எந்தெந்தப் பொதிகள் கூட வர வேண்டும், பழுது வந்தால் யாரைப் பிடிக்க வேண்டும் என்றெல்லாம் எழுதிவைப்பதுதான் அந்தக் கட்டுதல். சீடியின் புதிய பதிப்புக்குக் கதவடைக்க இன்னும் மூன்று வாரம். தவறவிட்டால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். புதியவர்களின் பொதியைப் பழைய கை ஒருவர் பார்த்துச் சரி சொல்வது அந்த இயங்குதளத்தைச் செய்கிறவர்களிடம் வழக்கம். எனக்கு வாய்த்தவர் மியூனிக் பக்கத்து மார்க்குஸ்.

அவருடைய முதல் மின்னஞ்சல்: "எழுத்து அட்டவணையை ஏன் தனிக் கோப்புறையில் வைத்திருக்கிறீர்கள்?" ஒரு மணித்தியாலத்துக்குள் அதை எடுத்து வேறிடத்தில் வைத்து, மன்னிப்போடு அனுப்பினேன். இரண்டாவது: "இந்தப் பொதி இன்னொரு மொடியூலைக் கேட்கிறதே, ஏன்?" அந்த வரியை வெட்டி எறிந்தேன். என் கம்ப்யூட்டரில் ஒரு குறையுமில்லாமல் ஓடியது. ஓடாதா பின்னே, அந்த மொடியூல்தான் அதில் ஏற்கனவே இருந்ததே! மார்க்குஸ் ஒன்றுமில்லாத வெறும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்க்க, அங்கே படுத்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டு மூன்றாவதாகக் கேட்டார்: "பொதுவான மாற்றி ஒன்று இருக்கும்போது ஏன் சொந்தமாக ஓர் அட்டவணை?" எந்தப் பழைய எழுத்துக்கு எந்தப் புதிய எழுத்து என்று சொல்லும் அந்த அட்டவணையை எடுத்தால் மொடியூலில் மிச்சமிருப்பது ஓடு மட்டும்தான். கதவடைக்க ஐந்து நாள் இருந்தது. போதும், விட்டுவிடலாம் என்று முடிவுகட்டினேன்.

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் வளர்ந்தவனுக்கு ஏன் என்ற சொல் கேள்வியாகக் கேட்காது. எனக்கு எட்டு வயதிருக்கும். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவின் கூடையைக் கிளறிவிட்டு, மலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா கேட்டார்: "ஏன் கொழுந்து முத்தலா இருக்கு?" அம்மா உள்ளதைச் சொன்னார். "போன கிழமை பூரா எங்கள வேற மலைக்கில்ல அனுப்புனீங்க ஐயா. அதுக்குள்ள இது முத்திருச்சுங்க." சுற்றி நின்ற பெண்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நாள் முழுக்க மலையேறிய அம்மாவுக்கு அன்று அரை நாள் வேலைக்கான அரைப்பேர்தான் விழுந்தது. எங்கள் குடியிருப்பு லயத்துக்கு வந்ததும் அப்பா, "ஒனக்கு வாயி சும்மா இருக்காதா?" என்று பாய்ந்தார். "கேட்டாங்க, சொன்னேன்" என்றார் அம்மா. நான் அப்பாவின் பக்கம் சேர்ந்துகொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மார்க்குஸின் கடிதத்தை என் மனைவி தேவியிடம் படித்துக் காட்டினேன். அவள் ஹட்டன்காரி, எதையும் பட்டென்று போட்டுடைப்பவள்.

"அந்த மனுசன் ஒங்கள வையிறாரா, கேக்குறாரா?"

"தெரியலயே."

"தெரியலன்னா பதில் சொல்லிப் பாருங்களேன்! அவரென்ன கண்டாக்கா, அரைப்பேர் போட?"

சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்து எழுதினேன். இந்த எழுத்துரு எங்கள் மலைநாட்டு அச்சகங்களுக்காக யாரோ செய்தது, எந்தப் பொது மாற்றிக்கும் இதைத் தெரியாது, என் தங்கையின் எட்டு வருட உழைப்பு இதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, ஆகவே அட்டவணையை எடுக்கமாட்டேன் என்றேன். கையோடு முன்னே மாற்றியவற்றையும் பழையபடி வைத்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னேன். பதில் அன்று மாலையே வந்தது. "ஆஹ் ஸோ!" அப்படியா சங்கதி என்று அர்த்தம். அதற்குக் கீழே: "முதலில் செய்திருந்ததெல்லாம் நன்றாகத்தானே இருந்தது, ஏன் மாற்றினீர்கள்?" அந்த ஏனுக்கும் பதில் எழுதினேன், அம்மாவின் கூடை உட்பட. கதவடைக்க இரண்டு நாள் இருக்கையில் பொதி உள்ளே போனது.

ஆகஸ்ட் விடுமுறையில் கொட்டகலைக்குப் போனேன். பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் அறையில் புனிதா புதுச் சீடியைப் போட்டு ஏற்றி, தன் முதல் கேள்வித்தாளைத் திறந்தாள். "வந்திருச்சுண்ணே! ஐயோ, வந்திருச்சு!" என்று சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒவ்வொரு கேள்வியாகச் சத்தம்போட்டு வாசித்தாள். அந்தச் சந்தோசம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை.

"தண்ணி நூறுல கொதிக்குதுன்னு இருக்கு. நூறு என்னாவாம்? அந்தச் சின்ன வட்டம், பாகைக் குறி எங்கண்ணே?"

"அது விட்டுப்போச்சும்மா."

"ஏன் விட்டுப்போச்சு?"

"நான் சோதிச்சுப் பாத்ததெல்லாம் தமிழ்ப் பாடத்துத் தாளு. அதுல தண்ணி கொதிக்கல."

சிரித்தாள். அங்கேயே, பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரிலேயே அதைத் திருத்தினேன். பிரேமனுக்குப் போய் மார்க்குஸுக்கு அனுப்பிக்கொள்ளலாம். பொதிக்குள் மாற்றக் குறிப்பு என்று ஒரு கோப்பு உண்டு. யார், எதை, எப்போது மாற்றினார் என்று அதில் பதிய வேண்டும். நேரத்தோடு, அது கிரீன்விச்சுக்கு எத்தனை மணி முந்திய இடத்து நேரம் என்பதையும் கம்ப்யூட்டரே போட்டுவிடும். கீழே குளிர்காலத்தில் பிரேமனில் எழுதிய பதிவு, என் பெயர், ஒரு மணி முந்தி. மேலே இப்போது எழுதியது, அதே பெயர், ஐந்தரை மணி முந்தி. புனிதா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இதுல எதுண்ணே ஒங்க நேரம்?"

"ரெண்டுந்தாம்மா" என்றேன்.

ஏன் என்று கேட்பாள், விளக்கிச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை.