மால் வரைபடத்தில் சிவப்பு

மாலுக்கு வருகிற சனம் எங்கே நிற்கிறது, எங்கே நகர்கிறது என்று வரைபடத்தில் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை; கூட்டம் வந்தால் மேனேஜர் கெட்டிக்காரர், வராவிட்டால் நான் மக்கு. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் எரிகிற உங்களுக்கு இது புரியும். எங்களுடையது தூத்துக்குடியில் மூன்று மாடி மால். கேமரா எண்ணும் ஆட்கள் ஓர் அடுக்கு, வைஃபை பிடிக்கும் செல்போன்கள் இன்னோர் அடுக்கு. இரண்டையும் மாடிப் படத்தின் மேல் போட்டால் நெரிசல் சிவப்பாகத் தெரியும், ஆளில்லாத இடம் நீலமாக.

நீல மூலை

இரண்டாம் மாடி மூலையில் பிலோமினாக்கா சங்கு வளையலும் முத்துக் கம்மலும் விற்றார். மூன்று மாதமாக அங்கே நீலம்தான். "ஆளே வராத கடை, காலி பண்ணச் சொல்லிரலாம்" என்று மேனேஜர் என்னையே கடிதம் அடிக்கச் சொன்னார். அவர் கையெழுத்துப் போட இருந்த அன்று, மனசு கேட்காமல் மேலே போய்ப் பார்த்தேன். கடை நிறையப் பெண்கள்! அந்த மூலையில் கேமரா கிடையாது. செல்போனை மட்டும்தான் எண்ணியிருக்கிறோம். வந்தவர்கள் கையிலோ வைஃபை இல்லாத பட்டன் போன்.

ஓடிவந்து சொன்னேன். மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமலே கடிதத்தைக் கிழித்தார். அக்காவிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் கம்மலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏளா, பெரிய போன் இல்லாதவ மனுசியே இல்லன்னு ஒனக்கு எவன் சொல்லித் தந்தான்?"

எஸ்கலேட்டர்

கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை, மேல்மாடித் துணிக்கடையில் தள்ளுபடி. எஸ்கலேட்டரின் மேல்முனையில் சிவப்பு அடர்ந்துகொண்டே போனது. ஏறியவர்களுக்கு நகர இடமில்லை. எஸ்கலேட்டரோ ஆட்களைக் கொண்டுவந்து தள்ளிக்கொண்டே இருந்தது. மேனேஜர் போனை எடுக்கவில்லை. நிறுத்தச் சொல்ல எனக்கு அதிகாரமும் இல்லை. வாக்கிடாக்கியில் செக்யூரிட்டி அந்தோணி அண்ணாச்சியிடம் கத்தினேன்: "ஏறுதவங்கள மறிச்சிட்டு மிஷினை நிறுத்துங்க!"

"எல்லாரும் கைப்பிடியப் பிடிங்க!" என்று அவர் போட்ட சத்தம் என் அறை வரை கேட்டது. மிஷின் நின்றுவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். எஸ்கலேட்டர் மேல்முனைப் பல்லிடுக்கில் ஒரு பிள்ளையின் செருப்பு சிக்கியிருந்தது. பிள்ளை தாயின் இடுப்பில் பத்திரமாக இருந்தது. அப்புறம் வந்த மேனேஜர், யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்று குதித்தார். நான் வாய் திறக்குமுன் அண்ணாச்சி முந்திக்கொண்டார்: "நான்தான் சார் நிறுத்துனேன். இந்தப் பொண்ணு கம்ப்யூட்டர் படத்தப் பாத்துச்சு, நான் சனத்தப் பாத்தேன்."

படிக்கட்டுப் பொட்டு

அவசர வழிப் படிக்கட்டில் தினமும் மூன்று மணிக்கு ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. யாரும் போகாத இடம். "திருட்டா இருக்கும், போய்ப் பாத்து எழுதிக் குடு" என்றார் மேனேஜர். இரும்புக் கதவைத் தள்ளினேன். உள்ளே துணிக்கடைப் பெண்கள் நாலு பேர், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். கடையில் உட்காரக் கூடாதாம். "எங்க பேர எழுதிராதீங்க அக்கா" என்று செல்வி என் கையைப் பிடித்தாள்.

பேரை எழுதவில்லை. நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் இருப்பதை மட்டும் எழுதினேன். மறுவாரம் கடைக்குள் நாலு ஸ்டூல் வந்தது. சந்தோஷமாகப் பார்க்கப் போனால் செல்வி நின்றுகொண்டிருந்தாள். கண்ணை மட்டும் மேலே உயர்த்திச் சொன்னாள்: "ஸ்டூலு வந்துட்டுக்கா, உக்காருதவள எண்ணுததுக்கு ஒரு கேமராவும் வச்சிட்டாவ."

இவ்வளவுக்கும் பிறகு, அந்த வருட மதிப்பீட்டுத் தாளில் மேனேஜர் என்னைப் பற்றி எழுதியிருந்த ஒரே குறை, 'அடிக்கடி இருக்கையில் இருப்பதில்லை' என்பதுதான்.