கேள்விக்குறி போட்டு எழுதிய வரி

அந்தப் படத்தில் அவருடைய முகம் தெரியவில்லை. மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்தின் படிக்கட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்திருக்கும் ஓர் ஆளின் முதுகு, அவர் கையில் அகப்பட்டு அழுகிற ஏழெட்டு வயதுச் சிறுமி. அவ்வளவுதான். பக்கத்தில் சென்ற காரிலிருந்து யாரோ செல்போனில் எடுத்தது. பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாக உடைந்தது. தெற்கு தில்லியின் ஒரு தனியார் பள்ளிப் பேருந்தில் உதவியாளர் ஒருவர் குழந்தையை அடித்து வெளியே இழுத்துத் தள்ளுகிறார், எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று படத்துக்குக் கீழே பள்ளியின் பெயரோடு ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் முகத்தைத் தேடவில்லை. முழங்கைக்கு மேலே புஜத்தை வளைத்துப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தேன். யாரென்று தெரிந்துவிட்டது.

தொண்ணூறுகளில் நாங்கள் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். எங்கள் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதற்கென்று இருந்தவரை நாங்கள் எல்லோரும் பஸ் அண்ணன் என்று கூப்பிட்டோம். விழுப்புரம் பக்கத்துக்காரர். இருபது வயதில் தில்லிக்கு வந்தவர். இந்தியைத் தமிழ் மாதிரியும் தமிழை இந்தி மாதிரியும் பேசுவார். ஜனவரி மாதத்துப் பனிமூட்டத்தில் பேருந்து வருவது கண்ணுக்குத் தெரியாது. அவர் பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிக்கொண்டு வரும் சத்தம்தான் முதலில் கேட்கும். "ஜல்தி பாப்பா, ஜல்தி" என்று புஜத்தைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கி உள்ளே வைப்பார். வலிக்கும். ஒருநாள் அம்மா என் கையிலிருந்த சிவப்புத் தடத்தைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டேவிட்டாள். கம்பளிக் கையுறை போட்ட பிள்ளையின் கையைப் பிடித்தால் கையுறை மட்டும்தான் நம் கையில் வரும், பிள்ளை கீழே போய்விடும் என்று அவர் சொன்னார். சின்னப் பிள்ளைகளை எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார். அங்கேதான் சூடாக இருக்கும். ஏழு வருஷம் நான் அந்தப் பேருந்தில் போனேன். ஒரு பிள்ளைகூட விழுந்ததில்லை.

பிறகு அவர் வேறொரு பள்ளிக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். மனைவியோடு கோல் மார்க்கெட் பக்கம், ஓர் அதிகாரியின் பழைய குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த வேலைக்காரர் அறையில் குடியிருந்தார். அந்த வீட்டில் மனைவி சமையல் செய்தாள். பொங்கலுக்குப் பொங்கல் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்த்துவிட்டுப் போவார். நான் இதழியல் படித்து ஓர் இந்திச் செய்தித் தொலைக்காட்சியில் சேர்ந்தபோது என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டவர் அவர்தான் என்று அம்மா சொல்வாள்.

இரண்டாயிரங்களின் கடைசி வருஷங்கள் அவை. இளைஞர்கள் எல்லோரும் இணையத்தின் நட்புத் தளங்களில் கணக்கு வைத்துக்கொண்டிருந்த காலம். அங்கே மக்கள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று பார்த்துச் செய்தி பிடிப்பதற்காக எங்கள் அலுவலகத்தில் ஒரு மூலையில் நான்கு கணினிகளைப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று என்னுடையது. செய்தியாளர் என்றால் தெருவில் இறங்கி நாலு பேரிடம் பேச வேண்டும் என்று எண்ணி வந்தவள் நான். வந்து எட்டு மாதத்தில் ஒரு தெருவிலும் இறங்கவில்லை. யாரோ எழுதியதை எடுத்து வேறு வார்த்தைகளில் எழுதுவதுதான் வேலை. இதற்கா படித்தோம் என்ற எண்ணம் தினமும் மதியச் சாப்பாட்டோடு வரும். ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதனால் அந்த எண்ணத்தை யாரிடமும் சொன்னதில்லை.

நட்புத் தளம் ஒன்றில் அந்தப் படம் வந்த அன்று மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். எங்கள் பிரிவின் பொறுப்பாளர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தார். கெட்டவர் இல்லை. தலைக்கு மேல் இருந்த நான்கு தொலைக்காட்சிகளில் மற்ற நிலையங்கள் என்ன போடுகின்றன என்று பார்த்துப் பார்த்தே கழுத்து வலி வந்தவர். பள்ளிக்கு ஒரு போன் செய்து கேட்டுவிடலாமா என்றேன். பள்ளி வாயைத் திறப்பதற்குள் மற்றவர்கள் போட்டுவிடுவார்கள், நாம் குற்றம் சாட்டவில்லையே, கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டுவிடு என்றார்.

அந்த ஆளை எனக்குத் தெரியும் என்று அப்போது நான் சொல்லியிருக்கலாம். அந்தப் பிடிக்கு அர்த்தம் வேறு, என் கையே அதற்குச் சாட்சி என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒன்று. அது மட்டும் இல்லை. பஸ் உதவியாளர் ஒருவர் எனக்குத் தெரிந்தவர் என்று அந்த அறையில் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. முதல்முறையாக நான் எழுதும் வரி தேசம் முழுக்கத் திரையில் ஓடப்போகிறது என்ற கிளர்ச்சி. 'பள்ளிப் பேருந்தில் பச்சைக் குழந்தைக்குக் கொடுமை?' என்று இந்தியில் அடித்தேன். கேள்விக்குறியை மறக்கவில்லை. பொறுப்பாளர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பள்ளி வாசலில் பெற்றோர்கள் கூடிவிட்டார்கள். எங்கள் காமிராவும் போயிருந்தது. பஸ் அண்ணனை யாரோ கன்னத்தில் அறைவதை நான் என் இடத்தில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். அவர் கையை ஓங்கவில்லை, முகத்தை மறைத்துக்கொள்ளவும் இல்லை. அறைந்தவரிடம் ஏதோ விளக்கிச் சொல்ல முயன்றுகொண்டிருந்தார். அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டோம். காவல் நிலையத்தில் அவரை இரண்டு நாள் உட்கார வைத்தார்கள்.

மூன்றாம் நாள் அந்தச் சிறுமியின் தாயே எங்கள் செய்தியாளரிடம் பேசினார். பிள்ளை இறங்கி முடிப்பதற்குள் ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார், காலை எடுத்து வைத்தவள் சக்கரத்துப் பக்கம் சரிந்தாள், அவர் பிடித்து உள்ளே இழுத்தார், இல்லாவிட்டால் என் பிள்ளை இன்று இல்லை என்று அழுதுகொண்டே சொன்னார். உள்ளே இழுத்ததை வெளியே தள்ளியதாகப் படம் எடுத்தவர் நினைத்திருக்கிறார். அசையாத படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். பேட்டியை ஒளிபரப்பும்படி பொறுப்பாளரிடம் கெஞ்சினேன். அந்தச் செய்தி முடிந்துவிட்டதே என்றார் அவர். நான் நகராமல் நின்றதால் திரையின் அடியில் ஒரு வரி போடச் சொன்னார். அது நான்கு முறை ஓடியது. எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு கிரிக்கெட் வந்துவிட்டது.

படம் இணையத்தில் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அடுத்த வாரம் ஜெய்ப்பூரில் நடந்ததாக வந்தது. அதற்கும் அடுத்த வாரம் சென்னையிலிருந்து என் அத்தை மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். அடையாறில் நடந்ததாம், குழந்தைகள் ஜாக்கிரதை, உனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பு என்று எழுதியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் அண்ணன் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இடது கண்ணுக்குக் கீழே காயம் மஞ்சளாக மாறியிருந்தது. அம்மா டீ போட்டுக் கொடுத்தாள். சட்டைப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். ஒன்று சிறுமியின் தாய் எழுதிக் கொடுத்தது. இன்னொன்று பள்ளியின் கடிதம். விசாரித்ததில் அவர்மேல் தவறு எதுவும் இல்லை என்றும், பெற்றோர்களின் மனநிலையைக் கருதி இனி வேலைக்கு வர வேண்டாம் என்றும் ஒரே பத்தியில் இருந்தது. குடியிருந்த அறையையும் அந்த அதிகாரி வீட்டில் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். அவர்கள் வீட்டிலும் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பா, இத டிவில ஒரு வாட்டி காட்டினா போதும். நீ சொன்னா போடுவாங்க இல்ல?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா சமையலறை வாசலில் நின்றாள். அவர் என்னைத் தேடி வருவார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. எத்தனையோ பொய்கள் நாக்கு நுனிவரை வந்தன. சொல்ல முடியவில்லை.

"அண்ணா, அத எழுதினதே நான்தான்."

அவருக்குப் புரியவில்லை. மனைவிக்கு உடனே புரிந்தது. அவள் டீ டம்ளரைத் தரையில் வைத்துவிட்டாள்.

"நான்னு தெரியாம எழுதிட்ட, இல்லியா?" என்றார். அப்படித்தான் என்று சொல்லிவிடு என்று கெஞ்சுவது போலிருந்தது அவர் குரல்.

"தெரியும்ணா. கையப் பாத்தே தெரிஞ்சுது."

அவர் கை நீட்டினார். அப்பாவின் கையிலிருந்து காகிதங்களை வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மனைவி எழுந்து, "வாங்க, போலாம்" என்றாள். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் அப்பாவிடம் மட்டும், "வரேன் சார்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நான் எதையாவது பதில் சொல்லியிருப்பேன், அழுதிருப்பேன். அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. அன்று முதல் அப்பா எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் நான் வேலை செய்த நிலையத்தை வைக்கவில்லை.

மறுநாள் அதே நட்புத் தளத்தில் என் பெயரிலேயே நடந்ததை எல்லாம் எழுதினேன். பிடி என்றால் என்ன, கையுறை என்றால் என்ன, கேள்விக்குறியை எதற்காகப் போட்டேன், எல்லாம். பதினோரு பேர் படித்துப் பதில் போட்டார்கள். பள்ளியிடம் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டவர்கள் அதில் மூன்று பேர். இவள் சொல்வது உண்மையானால் அந்தப் படம் எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். சாயங்காலம் பொறுப்பாளர் கூப்பிட்டார். நிலையத்தின் பெயர் கெடுகிறது, எடுத்துவிடு என்றார். வேலையா பதிவா என்று அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. என் இடத்துக்கு வந்து எடுத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து என்னை நிரந்தரமாக்கினார்கள்.

இன்றும் இதே தொழிலில்தான் இருக்கிறேன். நிலையம் மாறியிருக்கிறது, பதவி மாறியிருக்கிறது. விட்டுவிட வேண்டும் என்று நினைக்காத வருஷம் இல்லை, விட்டதும் இல்லை. அன்று மூலையில் கிடந்த நான்கு கணினிகளின் வேலையை இன்று ஒரு மாடி முழுக்கச் செய்கிறது. கேள்விக்குறி போடச் சொல்லி யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் அவர்களாகவே போட்டுவிடுகிறார்கள். சரிபார்த்தாயா என்று நான் கேட்டால் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுத் திரையைப் பார்க்கிறார்கள். அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

அன்று பணி நிரந்தரக் கடிதம் கையில் வந்த வாரத்தில் ஒரு மத்தியானம் கோல் மார்க்கெட்டுக்குப் போனேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. குவார்ட்டர்ஸின் பின்பக்கம் அந்த அறையைக் கண்டுபிடித்தேன். கதவுக்குப் புதிதாகப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், இங்கே இருந்த தமிழ்க்காரர் எங்கே போனார் என்று இந்தியில் கேட்டேன். ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள், எந்த ஊர் என்று தெரியாது என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, குரலைத் தாழ்த்தி, "அச்சா, அந்தக் குழந்தையை அடிச்ச ஆளா?" என்று கேட்டாள்.

அவர் அடிக்கவில்லை என்றேன்.

"டிவில காட்டினாங்களே" என்றாள் அவள், எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வது போல. ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.