முசியேவுக்கு வைத்த பேனர்

எங்கள் தெருவில் பெரிய மனிதர் என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. அதனாலோ என்னவோ, வருஷா வருஷம் ஒரு நாய்க்கு விழா எடுத்தோம். புதுச்சேரியில் மூடிப்போன பஞ்சாலை ஒன்றின் மதிலை ஒட்டிய தெரு அது. நாயின் பெயர் முசியே. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கிய பெரியவர் ஒருவர், துரைமாரைக் கூப்பிடுவது போல அந்தத் தெருநாயை அப்படிக் கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

நான் பிறப்பதற்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் மதில் ஊறிச் சாய்ந்ததாம். முசியே வீடு வீடாகப் போய்க் குரைத்து, சேலையைக் கவ்வி இழுத்து, எல்லோரையும் தெருவுக்கு வரவைத்ததாம். காலி வீடுகள் மேல் மதில் விழுந்தது. அடியில் மாட்டிக்கொண்டது முசியே மட்டும்தான். கதை சொல்கிறவரைப் பொறுத்து அது காப்பாற்றிய தலைகள் கூடிக்கொண்டே போகும். அந்த மழைக்கு அப்புறம் குடிவந்தவர்கள்கூடத் தங்களையும் சேர்த்துச் சொல்லிக்கொள்வார்கள்.

மதில் விழுந்த இடத்தில் விளக்கேற்றி, தெருவுக்கே சாம்பார் சாதம் போடுவதோடு விழா முடிந்துவிடும். நான் நாலாவது படித்த வருஷம் எம்.எல்.ஏ. வருவதாக ஒப்புக்கொண்டதில் எல்லாம் பெரிதாகிவிட்டது. பந்தல், மேளம், பேனர். முன்னால் நின்று செய்தது என் மாமா, அம்மாவின் அண்ணன். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. எடுத்த காரியத்தை முடிக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

விழா அன்று காலை பால் வாங்கப் போனபோது என்னோடு படிக்கும் பெண் ஒருத்தி ஓடி வந்து, "உங்க ஜிம்மி எப்படி செத்துச்சு?" என்று கேட்டாள். ஜிம்மி எங்கள் வீட்டு நாய். அப்போது என் காலடியில்தான் நின்று பால் பாக்கெட்டை முகர்ந்துகொண்டிருந்தது.

பந்தலுக்கு ஓடினேன். ஆள் உயரத்துக்கு மேல் பேனர். "கண்ணீர் அஞ்சலி" என்று கறுப்பில் எழுத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் என் ஜிம்மி. அதே பழுப்பு நிறம், நெற்றியில் அதே வெள்ளைத் திட்டு, மடங்கின இடது காது. போன வாரம் மாமா பிஸ்கெட்டை நீட்டி அதை உட்காரவைத்துப் போட்டோ எடுத்தது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

மாமாவைக் கேட்டால் சிரித்தார். "முசியேவ எவன் போட்டோ புடிச்சான்? ஜிம்மி அது ஜாடைதான்னு எல்லாரும் சொல்றாங்க. நாலு மணிக்குள்ள கழட்டிடுவோம், போ" என்றார்.

என்னால் போக முடியவில்லை. நான் பார்த்த வீடுகளில் போட்டோவுக்கு மாலை விழுந்தால் அந்த ஆள் இல்லை என்று அர்த்தம். "மாலை போட்டுட்டா உயிர் நிக்காதாம், எங்க பெரியம்மா சொன்னாங்க" என்று அந்தப் பெண் வேறு காதில் ஓதிவிட்டாள். பந்தல் மூலையில் வாழையிலை மேல் ரோஜா மாலை தயாராக இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் அழுதேன்.

அப்பா கப்பல் வேலைக்குப் போய் அப்போது இரண்டு பொங்கல் கழிந்திருந்தது. முதலில் வாரம் தவறாமல் வந்த போன் ஒருநாள் நின்றுபோனது. நடுக்கடலில் சிக்னல் கிடையாது என்று அம்மா சொல்வாள். யார் கேட்டாலும் நானும் அதையே சொல்வேன். மாமா வரும்போதெல்லாம் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ பேசுவார், நான் போனால் நிறுத்திக்கொள்வார். கடைசியாக வந்தபோது அப்பாவின் போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துக் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அம்மா அதைப் பிடுங்கி மறுபடியும் ஆணியில் மாட்டினாள்.

நான் சொன்னதைக் கேட்டதும் அம்மா அடுப்பை அணைத்தாள். கையைக்கூடத் துடைக்காமல் தெருவில் இறங்கினாள். ஜிம்மியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். தெருமுனையில் மேளம் தொடங்கிவிட்டது. எம்.எல்.ஏ.வின் கார் வந்துவிட்டதாகப் பையன்கள் கத்தினார்கள்.

அம்மா நேரே போய் பேனருக்கு முன்னால் நின்றாள். மாமா கையில் மாலைத் தட்டு.

"இத எடுண்ணா."

"ஆளு வந்தாச்சும்மா. அப்புறம் பேசிக்கலாம், தள்ளு."

"அது உசுரோட இருக்குது. உசுரோட இருக்கறதுக்கு இன்னாத்துக்கு மால போடுறீங்க?"

"நாய்தானம்மா. ஒரு போட்டோ. இதுல இன்னா ஆயிடப் போவுது?"

"போட்டோதான்னு நீதான சொல்லுவ. இன்னைக்கு இதுக்குப் போடுவ. நாளைக்கு என் வீட்டுக்குள்ள வந்து போடுவ."

மாமாவின் முகம் மாறியது. "இங்க யாரும் உன் புருஷனப் பத்திப் பேசலையே" என்றார், மெல்ல. நாய் விஷயத்தில் அப்பாவை எதற்கு இழுக்கிறார் என்று எனக்குக் கோபம் வந்தது. மேளம் பந்தலை நெருங்கிக்கொண்டிருந்தது. கமிட்டிக்காரர்கள் அம்மாவை நகரச் சொல்லிக் கெஞ்சினார்கள், அதட்டினார்கள். அம்மா நகரவில்லை. நெற்றிப் பொட்டு வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்தது. அதைத் தொடாமல் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜிம்மியை இறுக்கின இறுக்கில் அது முனகியது.

மாமா அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, சமையல்காரரிடமிருந்து காய் நறுக்கும் கத்தியை வாங்கினார். பேனரில் ஜிம்மி இருந்த சதுரத்தை நாலு பக்கமும் கிழித்தெடுத்து, சுருட்டி, அம்மா கையில் கொடுத்தார்.

எம்.எல்.ஏ. மாலையோடு வந்து நின்றபோது பேனரின் நடுவில் ஓட்டை. அதன் வழியாகப் பஞ்சாலையின் புதர்தான் தெரிந்தது.

"போட்டோ எங்கப்பா?" என்றார்.

"அதுக்குப் போட்டோ கிடையாதுங்க தலைவரே" என்றார் மாமா.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ஓட்டைக்கு மாலையைப் போட்டு, முசியேவின் தியாகத்தைப் பற்றி நன்றாகவே பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். சாம்பார் சாதத்துக்குக் கூட்டம் வழக்கம்போல முண்டியடித்தது. மாமா மட்டும் சாப்பிடாமல் பந்தல் ஓரத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் தாழ்ந்த குரலில் பேசி நான் கேட்டதில்லை.

நான் ஜிம்மியோடு வீட்டுக்கு வந்தபோது அம்மா கூடத்தில், அப்பாவின் போட்டோவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் அப்படிக் குலுங்கி அழுது நான் பார்த்ததே இல்லை. பயந்துபோய் ஜிம்மியை அவள் மடியில் இறக்கிவிட்டேன்.

"பாரும்மா, இதோ நல்லாத்தான் இருக்குது. ஒண்ணும் ஆவல" என்றேன்.

அம்மா என்னையும் நாயையும் சேர்த்து அணைத்துக்கொண்டாள். "ஆமா, ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் இருக்குது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு நாய்க்காக இத்தனை அழுகிற அம்மா இந்தத் தெருவில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை என்று எனக்கு அன்று பெருமையாக இருந்தது.